என் தம்பிக்கு வெல்வெட் சட்டை

மொர்வான்சி நகரத்துக்குச் சுற்றுலா பஸ் ஓட்டிப் போகும்படி இருபத்தெட்டு வருடத்தில் மூன்று முறை எனக்கு வேலை போட்டார்கள். மூன்று முறையும் வேறொரு டிரைவரின் தலையில் கட்டிவிட்டேன். ஒரு தடவை முதுகுப் பிடிப்பு என்றேன். ஒரு தடவை சித்தி மகளுக்குக் கல்யாணம் என்றேன். எனக்குச் சித்தியே கிடையாது. போன செப்டம்பரில் நான்காவது முறையாக வந்தபோது தலையில் கட்ட ஆள் அகப்படவில்லை. ரூபே ஊரின் மூத்தோர் மன்றம், முப்பத்தாறு பேர், இரண்டு நாள் பயணம். எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

நான் பிறந்த ஊர் அது. கோட்டை மதிலுக்குள், கம்பளி வணிகர் மாளிகை என்று இப்போது பலகை மாட்டியிருக்கிறார்களே, அந்த வீட்டின் மூன்றாம் மாடியில் பிறந்தேன். எங்கள் காலத்தில் பலகையும் கிடையாது, மாளிகையும் கிடையாது. பன்னிரண்டாம் நம்பர் என்பார்கள். நான்கு குடும்பம், பதினேழு பேர், முற்றத்தில் ஒரு குழாய், ஒரு கக்கூஸ். என் தம்பி ரெமி அந்த முற்றத்தில் விழுந்து செத்தான். அவனுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. 1970, பிப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை.

அதற்குப் பிறகு அந்த வீடு ஆபத்தானது என்று அதிகாரிகளுக்கு ஞானம் பிறந்தது. மூன்றே மாதத்தில் எல்லோரையும் காலி செய்யச் சொல்லி, கீழே ஸ்டேஷன் பக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்பாவுக்கு அந்த ஊரின் காற்றே ஆகவில்லை. வேலை தேடி எங்களை வடக்கே அழைத்துப் போய்விட்டார். ரெமியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

எங்கள் நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. முப்பது வருடம் ஆனதும் நகரசபைக்காரர்கள் கல்லின் மேல் ஒரு சின்னப் பலகை வைப்பார்கள், குடும்பத்தார் வந்து பார்க்கவும் என்று. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நாங்கள் அந்தப் பலகையை எங்கே கண்டோம். அம்மா சாகும்போது, ரெமியின் பக்கத்தில் வைக்கலாமென்று நான் டெலிபோன் செய்தேன். அந்த வரிசையைக் காலி செய்தாகிவிட்டது மதாம், எலும்பெல்லாம் பொதுக்குழியில் சேர்த்தாயிற்று என்றாள் ஒருத்தி, மழை நின்றுவிட்டது என்று சொல்கிற குரலில். ஆக, அந்த ஊரில் ரெமி என்ற பெயர் ஓரிடத்திலும் மிச்சமில்லை. அன்றோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

நான் போய்ச் சேர்ந்த நாள் பார்த்து அவர்களுக்குப் பாரம்பரியத் திருநாள். வருடத்தில் ஒரு சனி ஞாயிறு நாடு முழுவதும் பழைய மாளிகைகளைத் திறந்துவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் மணியடித்தால் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற சீமான்கள், அந்த இரண்டு நாளும் வாசலில் நின்று வாங்க வாங்க என்பார்கள். மதிலுக்குக் கீழே பஸ்ஸை நிறுத்திவிட்டுக் குறுக்கெழுத்துப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். மன்றத் தலைவி லூசெட் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏம்மா கிஸ்லேன், ஒரு உதவி செய்யேன். ஒரு நடைக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல உள்ள விடமாட்டாங்களாம். முதல் கூட்டத்தோட நான் போறேன். ரெண்டாவது கூட்டத்துக்கு யாராவது பின்னாடி நின்னு தலையை எண்ணணும். போன வருஷம் ஃபெர்னானைப் பாதாளக் கல்லறையிலயே விட்டுட்டு வந்துட்டோம்."

"நானாத்தான் தங்கினேன். அங்க சத்தமில்லாம இருந்துச்சு," என்றார் ஃபெர்னான். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"எனக்கு முழங்கால் சரியில்ல, லூசெட்."

"உனக்கு அறுபத்தொண்ணு. எனக்கு எண்பத்திரெண்டு. முழங்காலைப் பத்தி என்கிட்டயா பேசுற."

அவர்களோடு மேட்டில் ஏறினேன். வேறென்ன செய்ய.

அந்த ஊரை இப்போது பார்க்க வேண்டும். பார்க்க மட்டும்தான் முடியும், வாழ முடியாது. எல்லா ஜன்னல் கதவுக்கும் ஒரே சாம்பல் நீலம். வேறு சாயம் அடிக்க அனுமதி கிடையாது. கரி விற்ற கடையில் சோப்பு விற்கிறார்கள். செருப்புத் தைத்த கடையிலும் சோப்புதான். மதிலுக்குள் ஒரு ரொட்டிக் கடை இல்லை. ரொட்டி வேண்டுமென்றால் கீழே சூப்பர்மார்க்கெட்டுக்கு இறங்க வேண்டும். லாவெண்டர் வாசனை வேண்டுமென்றால் நாலு அடிக்கு ஒரு கடை. இந்த அழகைப் பார்க்கத்தான் எங்களைத் துடைத்து வெளியே போட்டார்கள் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. ஃபெர்னான் வழியில் ஒரு தகர டப்பா பிஸ்கட் வாங்கினார். மூடியில் நீலச் சட்டை போட்ட ஒரு சின்னப் பையன் படம். பிஸ்கட்டும் அதே பையன் உருவத்தில்தான் இருந்தது. தலையை முதலில் கடித்துத் தின்றுகொண்டு வந்தார்.

மாளிகை வாசல் வரை போவது, உள்ளே போகாமல் அங்கேயே தலையை எண்ணுவது, இதுதான் என் திட்டம். ஆனால் வழிகாட்டிப் பெண் வெயிலுக்கு ஒதுங்கச் சொல்லி எல்லோரையும் ஒரே மொத்தமாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். முற்றத்தில் நின்றேன். குழாய் இருந்த இடத்தில் ரோஜாத் தொட்டி வைத்திருந்தார்கள்.

வழிகாட்டியின் பெயர் கொராலி. இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். தெளிவான குரல். கையிலிருந்த தாளைப் பார்க்காமலே பேசினாள்.

"கம்பளி வியாபாரம் படுத்துப் போன பிறகு, இந்த மாளிகையைக் கைவிட்டுட்டாங்க. 1974-ல லெவெக் குடும்பத்தார் புதுப்பிக்கிற வரைக்கும் இங்க மனுஷங்க யாரும் இல்ல. புறாக்களும் எலிகளும்தான் குடியிருந்துச்சு."

நாங்கள் பதினேழு பேரும் அதில் புறாவா எலியா என்று அவள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு தலையை எண்ணினேன். பதினெட்டு. இன்னொரு முறை எண்ணினேன்.

"மேல பாருங்க. முற்றத்தைச் சுத்தி மாடிக்கு மாடி மரத் தாழ்வாரம். அந்தத் தடுப்புக் கிராதியோட வேலைப்பாட்டைக் கவனிங்க. ஓக் மரம், ஒவ்வொரு கம்பும் கையால செதுக்கினது."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. அந்தக் கிராதி எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். ரெமி செத்து நான்கு வருடம் கழித்து வந்தது. அதற்கு முன்னால் மூன்றாம் மாடி மூலையில் ஆறு கம்பு உளுத்து விழுந்துபோய், அந்த இடத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. துணி காயப்போடுகிற கயிறு. வீட்டுக்காரக் கிழவர் லெவெக் கட்டினது. அம்மா அவர் வீட்டு வாசலுக்கு இரண்டு குளிர்காலம் நடந்தாள், பிள்ளைகள் இருக்கிற இடம், கம்பு போட்டுத் தாருங்கள் முசியே என்று. வசந்தம் வரட்டும், பார்க்கலாம் என்பார். வசந்தம் வந்தால் மறந்துவிடுவார்.

கொராலி குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த வீட்டோட சோகக்கதை ஒண்ணு இருக்கு. 1587, கடுங்குளிர். வணிகர் வீட்டுல வேலைக்கு ஒரு சின்னப் பையன் இருந்தான். பேர் தெரியாது. ஆறேழு வயசு. நீல வெல்வெட் சட்டை போட்டிருப்பான். எஜமானியம்மாவுக்கு மெழுகுவத்தி எடுத்துக்கிட்டு ஓடுறப்போ, பனியில வழுக்கி, அதோ அந்த மூணாவது மாடி மூலையிலேருந்து விழுந்துட்டான். இப்பவும் பிப்ரவரி மாசத்துல அந்தத் தாழ்வாரத்துல பிஞ்சுக் காலடிச் சத்தம் கேட்கிறதா ஊர்ல சொல்வாங்க."

அவள் கை காட்டிய மூலை சரியான மூலை. ஓர் அங்குலம் பிசகவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பெயரைத் துடைத்து, வருடத்தைத் துடைத்து, எங்களைத் துடைத்து, மிச்சமிருந்த சாவுக்கு வெல்வெட் சட்டை போட்டு நானூறு வருடம் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். கிழவிகள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டு பேர் அந்த மூலையைப் படம் எடுத்தார்கள். ஃபெர்னான் கையிலிருந்த டப்பாவின் மூடியைப் பார்த்தார்.

"அடப்பாவமே, அப்போ நான் இவனைத்தான் தின்னுக்கிட்டிருக்கேனா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவன் பேரு ரெமி," என்றேன்.

"மன்னிக்கணும் மதாம், என்ன சொன்னீங்க?"

"பேர் தெரியாதுன்னியே. ரெமி. ரெமி பெர்த்தெலே. 1587 இல்ல, 1970. வெல்வெட் இல்ல, என்னோட பழைய ஸ்வெட்டர், ரெண்டு முழங்கையிலயும் ஒட்டுப் போட்டது. மெழுகுவத்தி இல்ல, கரி வாளி. என் தம்பி. புறாவும் எலியும் இல்ல, நாங்க இங்க பதினேழு பேர் இருந்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. ஃபெர்னான் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். கொராலி கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"எனக்குக் கொடுத்த தாள்ல அப்படித்தான் எழுதியிருக்கு, மதாம். சத்தியமா எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் யாராவது இருப்பான், கூப்பிடு."

கூப்பிடத் தேவையில்லாமல் போயிற்று. தரைத்தளத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒருவன் வந்தான். லினன் கோட், வெள்ளைத் தாடி, மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது. பெர்த்ராந் லெவெக், அந்தக் கிழவரின் மகன், இப்போதைய வீட்டுக்காரன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எதிர்த்த வீட்டில் இருந்தார்கள் அப்போது. எங்கள் முற்றத்தில் கோலி விளையாட வருவான். எங்கள் கோலிகளை ஜெயித்து எடுத்துக்கொண்டு போவான்.

"மதாம், உள்ள வந்து உக்காருங்க. நிதானமாப் பேசுவோம்," என்றான்.

"உள்ள எதுக்கு? உள்ளதான் ஒன்பது வருஷம் இருந்தேனே. இங்கயே பேசு, பெர்த்ராந்."

பெயர் சொன்னதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தான். கண்டுகொண்டான். அவன் தோள் கொஞ்சம் இறங்கியது.

"கிஸ்லேன்."

"ஆமா. மூணாவது மாடி எலி."

"அந்தக் கதையை நாங்க கட்டலைங்க. தயவுசெஞ்சு நம்புங்க. வீட்டைப் புதுப்பிச்ச புதுசுல பயணிகள் வருவாங்க, அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. இங்க ஒரு பிள்ளை விழுந்துச்சுன்னு சொல்வாங்க. எப்போன்னா, ரொம்ப காலத்துக்கு முன்னாடின்னு சொல்லி வைப்பாங்க. யாரோ ஒருத்தர் வருஷம் போட்டார். யாரோ சட்டை போட்டார். பிறகு புத்தகத்துல அச்சாயிடுச்சு. நான் திருத்தலை. என் தப்பு அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? பதினோரு வயசுல இதே இடத்துல நின்னு பார்த்தவன் நீ. அவன் தலைக்கு அடியில உன் மஃப்ளரைச் சுருட்டி வச்சவன் நீ. ஐம்பது வருஷமா அவனை விக்கிறாங்க, பார்த்துக்கிட்டு நின்னியா?"

"நான் பிஸ்கட் விக்கலை."

"வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்றியே, அது என்ன?"

அவன் கூட்டத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, நியாயம் பேசுகிறவன் போல் பேசினான். "யோசிச்சுப் பாருங்க. பதினாறாம் நூற்றாண்டுப் பையன்னா ஜனங்க கண்கலங்கிட்டுப் போறாங்க. 1970ன்னா வக்கீல் யாருன்னு கேப்பாங்க. எங்கப்பா உயிரோட இல்ல. உங்க பெற்றோரும் இல்ல. யாருக்கும் தலைகுனிவு வேண்டாம்னுதான் நான் வாயைத் திறக்கலை. உங்க குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான். என் கோபத்தில் அதை நான் காதில் வாங்கவில்லை.

"எங்களுக்கு எதுக்குடா தலைகுனிவு? கயிறு கட்டினது நாங்களா? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த கூட்டம் உள்ள வரும்போது, இந்தப் பொண்ணு ரெமி பேரைச் சொல்லணும். கிராதி இருந்த இடத்துல துணிக்கயிறு இருந்ததைச் சொல்லணும். எங்கம்மா ரெண்டு குளிர்காலம் உங்க வாசல்ல நின்னதைச் சொல்லணும். இந்த ஊர்ல அவனுக்குக் கல்லறைகூட இல்ல. இங்க சொன்னாத்தான் உண்டு."

"இன்னிக்கு எப்படி முடியும்? அந்தத் தாளை மாத்தணும்னா பாரம்பரியக் குழு கூடணும், தீர்மானம் போடணும். ஒரு ஜன்னலுக்குச் சாயம் மாத்தவே இங்க எட்டு மாசம் ஆகுது, உங்களுக்குத் தெரியாததா."

எங்களைக் காலி செய்ய மூன்று மாதம் போதுமானதாக இருந்தது, தம்பியின் பெயரைச் சொல்ல எட்டு மாதம் வேண்டுமாம். கையில் எதுவும் இல்லாமல் போனது அவன் அதிர்ஷ்டம். இருந்திருந்தால் அந்த ரோஜாத் தொட்டி உடைந்திருக்கும்.

"நான் சொல்றேன்," என்றாள் கொராலி.

பெர்த்ராந் திரும்பினான். "கொராலி, யோசிச்சுப் பேசும்மா."

"யோசிச்சுத்தான் பேசறேன், முசியே. வரலாறு படிச்சேன். அஞ்சு வருஷம். ரெண்டு வருஷமா வாரத்துக்குப் பத்துத் தடவை இல்லாத பையனுக்காகக் குரலைத் தாழ்த்தியிருக்கேன். நேத்து ஒரு அம்மா அழுதாங்க, நான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். எனக்கு இப்போ எவ்வளவு கேவலமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது." கையிலிருந்த தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தை உள்ளங்கையில் விரித்துப் பென்சிலை எடுத்தாள். "மதாம், சொல்லுங்க. முதல்லேருந்து சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

சொன்னேன். ஆத்திரத்தில் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. நான்கு குடும்பங்களின் பெயரைச் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் ஆற்றங்கரைத் தோல் பட்டறையில் வேலை செய்ததைச் சொன்னேன், அந்த நாற்றத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் எங்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்ததைச் சொன்னேன். உளுத்த கம்பு, துணிக்கயிறு, தாழ்வாரத்தில் உறைந்த பனி எல்லாவற்றையும் சொன்னேன். கரி முற்றத்துக் கிடங்கில் இருந்தது, வாளியில் எடுத்து மூன்று மாடி ஏற்ற வேண்டும். அன்று வியாழக்கிழமை, அந்தக் காலத்தில் வியாழன்தான் பள்ளிக்கூடம் விடுமுறை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ரெமி காலி வாளியோடு தாழ்வாரத்தில் நடந்தான், மூலையில் வழுக்கினான், கயிற்றுக்கு அடியில் போய்விட்டான். கயிறு அறுந்துகூடப் போகவில்லை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கொராலி வேகமாக எழுதினாள். முதல் கூட்டத்தை முடித்துவிட்டு லூசெட்டும் கதவோரம் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. ஐந்து பிள்ளை பெற்றவள். அவள் முகத்தில் இரக்கத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

"ஐயோ பாவம். ஏம்மா, ஆறு வயசுப் பிள்ளைகிட்ட யாரு கரி வாளியைக் கொடுத்தா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவுக்குச் சொன்ன பதில்தான் நாக்கில் வந்து நின்றது. அவனாகத்தான் போனான், எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வருடம் பழகிய பதில். அப்பாவும் அதை நம்பிச் செத்தார், அம்மாவும் நம்பிச் செத்தாள்.

பெர்த்ராந்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உறைத்தது. அன்று அவன் முற்றத்தில் இருந்தான். மேலே தாழ்வாரத்துக் கதவைத் திறந்து நான் கத்தினது அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்க வழியே இல்லை. உங்க குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் என்று அவன் சொன்னது இதைத்தான். அத்தனை வருடமும் தன் அப்பனை மூடி வைத்த போர்வைக்குள் என்னையும் சேர்த்து மூடி வைத்திருக்கிறான். நான் கேட்காமலே. இப்போதும் அவன் சொல்லப் போவதில்லை. நானும் சொல்லாமல் விட்டால் சரியாகிவிடும், கொராலி அவள் எழுதினதைச் சொல்லுவாள், ஊர் லெவெக்கைத் திட்டும், நான் பஸ்ஸில் ஏறிப் போய்விடலாம். அவனோடு நான் கூட்டாளி ஆகிவிட்டேன் என்பது தெரிந்தபோது வந்த கோபம் இருக்கிறதே, அன்று காலையிலிருந்து வந்த எல்லாக் கோபத்தையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

"நான்," என்றேன்.

லூசெட்டுக்குப் புரியவில்லை. "நீ என்னம்மா?"

"நான்தான் கொடுத்தேன். அம்மா என்னைத்தான் கொண்டுவரச் சொல்லிட்டுப் போனாங்க. எனக்குக் குளிர். அடுப்புக்கிட்ட உக்காந்து படக்கதை படிச்சிக்கிட்டிருந்தேன். அவனைப் போடான்னேன். மாட்டேன்னான், அந்த மூலையைப் பார்த்தா அவனுக்குப் பயம். போகலைன்னா நீ படுக்கையை நனைக்கிறதைப் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிடுவேன்னேன். அழுதுக்கிட்டே வெளிய போனான். நான் கதவைத் திறந்து, ஓடுடான்னு கத்தினேன். அவன் ஓடினான்."

வெளியே அடுத்த கூட்டம் கதவைத் தட்டிப் பார்த்தது. லூசெட் வந்து என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். இரக்கம் வாங்கிக்கொள்ள நான் அங்கே வரவில்லை.

கொராலியின் பென்சில் நின்றுபோயிருந்தது.

"மதாம், இதையும் சொல்லணுமா?"

"வேண்டாம்," என்றான் பெர்த்ராந். அதுவரை இருந்த மெருகு அவன் குரலில் இல்லை. "கிஸ்லேன், அது வேண்டாம். உனக்கு ஒன்பது வயசு."

"நீ பேசாத. நீயும் நானும் பேசாம இருந்துதான் அவனுக்கு வெல்வெட் மாட்டி விட்டிருக்கோம்." கொராலியிடம் திரும்பினேன். "சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. ஆனா வரிசை மாறக் கூடாது. முதல்ல உளுத்துப்போன கிராதி. ரெண்டு குளிர்காலம் எங்கம்மா கேட்டது, இவங்கப்பா கயிறு கட்டினது. அதுக்கப்புறம் நான்."

அவள் தலையாட்டினாள். எழுதினதை மேலிருந்து ஒரு முறை படித்துப் பார்த்தாள்.

"பேரு?"

"ரெமி பெர்த்தெலே. எத்தனை தடவை சொல்றது."

"அது எழுதிட்டேன். உங்க பேரு."

"கிஸ்லேன் பெர்த்தெலே," என்றேன். "அவனோட அக்கா."

எழுதிக்கொண்டாள். பிறகு போய்க் கதவைத் திறந்து, அடுத்த பதினெட்டுப் பேரை உள்ளே வரச் சொன்னாள். நான் நகரவில்லை. அந்த மூலைக்கு நேர் கீழே, அவர்களோடு நின்றுகொண்டேன்.